சாவியைத் திருப்பியும் நிற்காத வண்டி

ஆம்பூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா ஜாஸ்மினுக்கு,

தமிழ்வேந்தன் எழுதுகிறேன். நானும் ஷர்மிளாவும் சுகமாக இருக்கிறோம். மலைக்குளிரில் நீயும் உன் மடத்துச் சகோதரிகளும் எப்படி இருக்கிறீர்கள்? மூட்டுவலி பரவாயில்லையா?

போஸ்ட் ஆபீஸில் இன்லேண்டு கவர் கேட்டால் அங்கிருக்கும் பெண் என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். "இன்னாண்ணா, இந்தக் காலத்துல லெட்டரா?" என்கிறாள். போனே இல்லாத, வாசலைத் தாண்டக்கூடாத மடத்தில் என் அக்கா இருக்கிறாள், மாதம் ஒரு கடிதம்தான் கணக்கு என்று சொன்னேன். நீ ஏதோ ஜெயிலில் இருப்பதுபோல உச்சுக் கொட்டினாள்.

வீட்டில் ஷர்மிளா ஷூவுக்கு மேல்தோல் தைத்துத் தைத்துக் கட்டைவிரல் வெடித்துக் கிடக்கிறாள். நான் வழக்கம்போல் மலையடி ஊர்களிலிருந்து ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஷூ கம்பெனி வாசலில் விடுகிறேன். வண்டிதான் படுத்துகிறது. டீசல் வண்டி, பதினான்கு வயது ஆகிவிட்டது. ஒரு மாதமாக மேடு ஏறும்போது விசிலடிக்கிறது, இழுவை இல்லை, பின்னால் நீலப்புகை. மெக்கானிக் சுஹேல் அகமது பாய் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு டர்போ என்றார். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சின்ன விசிறி அது. தப்பு என்னுடையதாம். "ஓடி வந்த சூட்டோட ஆஃப் பண்றே. ஒரு நிமிஷம் சும்மா ஓட வுடணும்பா" என்றார். எங்கே விடுவது? கேட் முன்னால் புகை விட்டால் வாட்ச்மேன் கத்துகிறான்.

முன் சீட்டில் உட்காரும் பாரதிக்கு வண்டியைக் கேலி செய்யாவிட்டால் பொழுது போகாது. "எங்க வூட்டு குக்கர்கூட இத்தினி விசில் அடிக்காதுண்ணா" என்கிறாள். புருஷன் விட்டுப் போய்விட்டான். அம்மா கோவிந்தம்மாளையும் ஆறு வயது மகள் அமிர்தாவையும் அவள்தான் காப்பாற்றுகிறாள். அவள் பேச்சில்தான் காலைப்பொழுது நகர்கிறது.

எங்களுக்காக வேண்டிக்கொள். வண்டிக்காகவும் வேண்டலாம் என்றால் அதையும் சேர்த்துக்கொள்.

தம்பி
தமிழ்

மலை மடம்
2 பிப்ரவரி 2025

பிரியமுள்ள தம்பி,

ஆண்டவர் உன்னையும் உன் மனைவியையும் காக்கட்டும். மூட்டு என்னோடு இருக்கிறது, நானும் அதோடு இருக்கிறேன். ஷர்மிளாவைத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்.

வண்டிக்காக வேண்டினேன். மடத்து விதிப்படி எங்கள் தலைவி மதர் உன் கடிதத்தை எனக்கு முன்பே படித்துவிட்டதால் அவர்களும் சேர்ந்து வேண்டினார்கள். ஆனால் ஜெபம் டர்போவைக் கழற்றி மாட்டாது என்று அவர்களே சொன்னார்கள். நானும் இரண்டு வருடம் அந்த கேட்டில் மூச்சிரைக்க ஓடி நுழைந்தவள்தான். எட்டரை ஆகி ஒரு நிமிடம் போனாலும் அரை நாள் கூலி போய்விடும். அந்தப் பெண்கள் உன்னை நம்பி ஏறுகிறார்கள். உடனே சரிசெய்.

மார்ச் ஐந்தாம் தேதி திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அன்று முதல் ஈஸ்டர் வரை இங்கே கடிதம் எழுதவும் மாட்டோம், வந்ததைப் பிரிக்கவும் மாட்டோம். ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் நீ மறக்கிறாய். அதற்கு முன் ஒரு கடிதம் போடு.

பாரதியைக் கேட்டதாகச் சொல். அவளுக்கு நல்ல வாய் போலிருக்கிறது.

அக்கா
ஜாஸ்மின்

ஆம்பூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம். ஷர்மிளா எண்ணெய் தடவுகிறாள். உன் மூட்டுக்கும் அதையே தடவு என்கிறாள்.

பாய் டர்போவைத் திறந்து பார்த்தார். உள்ளே தண்டு ஆடுகிறது, ஆயில் கசிகிறது. மாற்றத்தான் வேண்டுமாம். பழைய மாடல் என்பதால் சென்னையில் சொல்லி வைத்து வரவேண்டும். வந்ததும் வண்டியைக் கழற்றினால் நாலைந்து நாள் ஷெட்டில் நிற்கும். நான் நாலு நாள் நின்றால் வேன்காரன் ஒருவன் அந்த ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். போன வாரமே மலையடியில் சுற்றிக்கொண்டிருந்தான். அதனால் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

பயப்படாதே. பாய் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "தமிழு, கசியற ஆயிலு உள்ள பூந்துச்சுன்னா இன்ஜின் அதையே குடிச்சிக்கினு ஓடும். சாவியக் கழட்டி பாக்கெட்ல போட்டாலும் நிக்காது" என்றார். நிறுத்த இரண்டு வழி உண்டு. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டால் மூச்சு முட்டி நின்றுவிடும். இல்லையென்றால் பானெட்டைத் திறந்து காற்று உறிஞ்சும் வாயை அடைக்க வேண்டும். "ரெண்டுத்தையும் ஒண்ணா பண்ணிடாத. கியர்ல போடறப்ப வண்டி முன்னாடி ஈ காக்கா நிக்கக் கூடாது" என்றும் சொன்னார்.

பாரதி கம்பெனிக் கழிவிலிருந்து செருப்பின் அடிப்பாகத்துக்கு வைக்கிற தடித்த தோலில் ஒரு வட்டம் வெட்டிக்கொண்டு வந்தாள். காற்று வாய்க்குக் கனகச்சிதமாக இருக்கிறது. எங்கே அடைக்கவேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். "இன்னிலேர்ந்து நான்தான் உங்க கிளீனர்" என்கிறாள். தோல் ஊரில் பிறந்தால் எதற்கும் தோல்தான்.

உன் தம்பி
தமிழ்

ஆம்பூர்
9 மார்ச் 2025

அக்காவுக்கு,

நலம். உன் நலம் பற்றி எழுது.

வியாழக்கிழமை பாய் சொன்னது நடந்துவிட்டது. கம்பெனிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இன்ஜின் தானாகக் கத்த ஆரம்பித்தது. கியரைக் கழற்றி, ஓரம்கட்டி, சாவியைத் திருப்பினேன், இன்ஜின் நிற்கவில்லை. புகையில் ரோடே தெரியவில்லை. கியரில் போட எனக்குக் கை ஓடவில்லை. பாரதி குதித்து இறங்கி, பானெட்டைத் தூக்கி, அந்தத் தோல் வட்டத்தை வைத்து அழுத்தினாள். பத்து எண்ணுவதற்குள் நின்றது. பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அக்கா, என் முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

பாய் ஆயிலைத் துடைத்துவிட்டுத் திட்டினார். "இனிமே இத எடுத்தீன்னா என் ஷெட் பக்கம் வராத" என்றார். டர்போ சென்னையிலிருந்து எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஷர்மிளா நிறுத்து என்கிறாள், மறுநாளே வேன்காரனைப் பற்றியும் பேசுகிறாள். நீ சொல். ஓட்டட்டுமா, வேண்டாமா? சின்ன வயதிலிருந்து நீ வேண்டாம் என்று சொன்னதை நான் செய்ததில்லை. நிறுத்து என்று ஒரு வரி எழுது, அன்றைக்கே நிறுத்திவிடுகிறேன்.

தமிழ்

ஆம்பூர்
30 மார்ச் 2025

அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்று வாரம் ஆகிறது. உடம்பு சரியில்லையா? வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மெதுவாக ஓட்டுகிறேன், தினமும் ஆயில் பார்க்கிறேன். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் ஓட்டுகிறேன்.

தமிழ்

மலை மடம்
21 ஏப்ரல் 2025, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள்

தம்பி,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும்.

உன் இரண்டு கடிதங்களையும் இப்போதுதான் படித்தேன். இரண்டும் ஒன்றாக என் கைக்கு வந்தன. தவக்காலக் கடிதங்களைப் போடுகிற பெட்டி சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. தினமும் மூன்று முறை நான் அதைக் கடந்து போயிருக்கிறேன். உன் கேள்வி அதற்குள் கிடந்திருக்கிறது.

நிறுத்து. இந்தக் கடிதம் வந்த நேரத்தில் வண்டி ரோட்டில் இருந்தால் அங்கேயே நிறுத்து. நான் பதில் எழுதாததை நீ எப்படிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய்? தவக்காலம் என்று பிப்ரவரியிலேயே எழுதியிருந்தேனே! உன்மேல் கோபம் வருகிறது. அதைவிடப் பயம் ஜாஸ்தியாக வருகிறது. நிறுத்திவிட்டேன் என்று உடனே எழுது.

அக்கா
ஜாஸ்மின்

ஆம்பூர்
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். வெயில் கொளுத்துகிறது. மாம்பழம் நன்றாக வந்திருக்கிறது. ஷர்மிளாவுக்குத் தையல் வேலை நிறைய வருகிறது.

வண்டி இப்போது ஓடுவதில்லை. நிறுத்தியாகிவிட்டது. அதைப்பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

ஒரு உதவி. மார்ச்சில் எழுதின இரண்டு கடிதங்களையும், பிப்ரவரியில் எழுதினதையும் கிழித்துப் போட்டுவிடு. ஏதோ குழப்பத்தில் எழுதினது. நாலு பேர் படிக்கிற இடத்தில் இருக்க வேண்டாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தமிழ்

மலை மடம்
25 மே 2025

பிரியமுள்ள தம்பி,

சுகம் கேட்டதற்கு நன்றி. நான் சுகமாக இல்லை. தூக்கம் பிடிப்பதில்லை.

வண்டி ஓடுவதில்லை என்கிறாய், ஆறு பெண்களும் இப்போது எதில் போகிறார்கள் என்று எழுதவில்லை. வேன்காரனைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜனவரியிலிருந்து பாரதி பெயர் இல்லாமல் நீ பெரிய கடிதம் எதையும் எழுதியதில்லை, இதில் மாம்பழம் இருக்கிறது, பாரதி இல்லை. பிறகு கடிதங்களைக் கிழிக்கச் சொல்கிறாய்.

கிழிக்க மாட்டேன். யாருக்கு என்ன ஆயிற்று? எழுது. எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன்.

ஜாஸ்மின்

ஆம்பூர்
29 ஜூன் 2025

அக்கா,

நலம் என்று எழுத வரவில்லை. ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மதர் படித்தால் படிக்கட்டும்.

பாரதி செத்துப்போனாள். ஏப்ரல் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை எட்டு இருபத்தைந்துக்கு.

கேட்டுக்கு நூறு அடி முன்னால், ஒரு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன், இன்ஜின் கத்த ஆரம்பித்தது. மற்ற ஐந்து பேரும் இறங்கி கேட்டுக்கு ஓடினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. எட்டரைக்கு கேட்டை மூடிவிடுவான். பாரதியும் இறங்கி ஓடப் போனாள். நான்தான் கூப்பிட்டேன். "பாரதி, காத்து வாய அடைம்மா!" என்று கத்தினேன்.

அந்தத் தடித்த தோல் வட்டம் கதவுப் பையில் இல்லை. வண்டி கழுவினபோது எங்கோ விழுந்திருக்கிறது. அவள் சாப்பாட்டுப் பையைச் சுற்றியிருந்த லைனிங் தோலை மடித்து எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். அது செருப்புக்கு உள்பக்கம் வைக்கிற மெல்லிய தோல், துணி மாதிரி. நானும் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. தோல் என்றால் தோல்தானே என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் சத்தத்தில் புத்தி கெட்டு, பாய் சொன்ன இன்னொரு வழியையும் செய்தேன். டாப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டேன். தேய்ந்துபோன கிளட்ச் நழுவியது, இன்ஜின் நிற்கவில்லை. மெல்லிய தோலை இன்ஜின் உள்ளே இழுத்துக்கொண்டது. என் கால் பிரேக்கிலிருந்து வழுக்கியது. வண்டி பாய்ந்தது. அவளுக்குப் பின்னால் சுவர்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை.

போலீஸ் கேட்டபோது என்ன சொன்னேன் தெரியுமா? "நான் வேணாம்னுதான் சொன்னேன் சார், அவளே முந்திரிக்கொட்டையாட்டம் போய்க் கைய வச்சா. வண்டி அதுவா எகிறிடுச்சு" என்றேன். அந்தப் புகையில் பார்த்தவர் யாருமில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்கள். வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. கம்பெனி, அது எங்கள் வண்டியில்லை என்று ஒதுங்கிவிட்டது. பாய் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? ஆம்பளை வேலையில் கையை வைத்தால் இப்படித்தான் என்கிறார்கள். அமிர்தாவிடம் தெருப் பிள்ளைகள், "உங்கம்மா தானே போய் மாட்டிக்கினு செத்தாங்க" என்கிறார்களாம். ஷர்மிளா சொல்லி அழுதாள். அழுதுவிட்டு, "நீ வாயத் தொறந்தா உள்ள போய்டுவே, நான் இன்னா பண்ணுவேன்" என்றும் கேட்டாள்.

நான் என்ன பண்ணட்டும்?

தமிழ்

மலை மடம்
13 ஜூலை 2025

தமிழ்,

உன் கடிதத்தை மதர்தான் முதலில் படித்தார்கள். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

மூன்று நாள் நான் ஜெபிக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். நிறுத்து என்று ஒரு வரி கேட்டாய். அந்த ஒரு வரி என்னிடம் இருந்தது. பெட்டிக்கும் எனக்கும் பத்தடி. விதி என்று ஒன்று இருந்தது, அதை நானும் விரும்பித்தான் ஏற்றேன். அதற்கான வலியை நான் சுமந்துகொள்கிறேன், உன்மேல் ஏற்ற மாட்டேன். நீயும் உன்னுடையதை என் மௌனத்தின்மேல் ஏற்றாதே. வேண்டாம் என்று பாய் சொன்னார், ஷர்மிளா சொன்னாள், உன் முழங்காலே சொன்னது.

செத்தவளை இரண்டாம் முறை கொன்றிருக்கிறாய். இதைவிட மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன்னை நம்பி இறங்கி வந்தவள், முந்திரிக்கொட்டை என்று பெயர் வாங்கிக்கொண்டு மண்ணுக்குள் கிடக்கிறாள். அந்தப் பிள்ளை அதைக் கேட்டு வளர்கிறது.

இன்னொன்று. பதினைந்து வருடம் வண்டி ஓட்டின கால் எப்படி வழுக்கியது? அந்த இடத்தை நீ முழுதாக எழுதவில்லை. எனக்கு எழுத வேண்டாம், கேட்க வேண்டியவர்களிடம் சொல்.

கோவிந்தம்மாளிடம் போ. போலீசுக்கு முன்னால் அவர்களிடம் போ. ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள் வரை காத்திருப்பேன். அதற்குள் நீ போகவில்லை என்றால் உன் கடிதங்களை நானே அந்த அம்மாளுக்கு அனுப்பிவிடுவேன். மதரிடம் உத்தரவு வாங்கிவிட்டேன். நீ என் தம்பி, அதனால்தான் முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

ஷர்மிளாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன். அவளை ஏசாதே.

அக்கா

ஆம்பூர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஷர்மிளா சுகம். உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

பதிமூன்றாம் தேதி சாயங்காலம் போனேன். கோவிந்தம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் "வாப்பா" என்றார்கள். அடக்கத்துக்கு நான் போயிருந்ததால், நல்ல மனுஷன் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார்கள். போன மாதம்கூடத் தெருவில் பார்த்து, "நீ வேணாம்னியாமே, அவ கேக்காம போய்ட்டாளே" என்று என் கையைப் பிடித்து அழுதார்கள். அதை உனக்கு எழுத எனக்கு வாய் வரவில்லை.

தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டர்போ போனது, பாய் ஓட்டாதே என்றது, நான் ஓட்டினது, நான் கூப்பிட்டது, முன்னால் ஆள் நிற்கும்போதே கியரில் போட்டது. முறத்தைக் கீழே வைக்கவே இல்லை அவர்கள்.

பிறகு கேட்டார்கள். "கடசீல எதாவது சொன்னாளா?"

நீ கேட்டதும் அதுதான் அக்கா. கால் வழுக்கவில்லை. அவள் அந்தத் தோலை வைத்து அழுத்தினதும் இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. அவள் தூக்கின பானெட்டுக்கு ஓரமாகத் தலையை நீட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நின்னுடுச்சுண்ணா" என்றாள். நானும் நம்பி பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். அவள் அடைத்தது சரிதான். சிரித்துக்கொண்டே இருந்தபோது தோல் உள்ளே போய்விட்டது, இன்ஜின் மறுபடியும் கத்தியது. கியரைக் கழற்றாமல் காலை எடுத்தவன் நான்.

இதைச் சொன்னேன். கோவிந்தம்மாள் என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தார்கள். "உன்ன வாப்பான்னு கூப்ட்டேனே" என்றார்கள். பிறகு உள்ளே பார்த்து, "அமிர்தா, இங்க வா" என்று கூப்பிட்டார்கள். பிள்ளை நோட்டும் கையுமாக வந்தது. "எங்கிட்ட சொன்னத இவகிட்டயும் சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லு" என்றார்கள்.

அக்கா, இதற்கு முன்னால் போலீசிடம் சொல்வதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி அதைச் சொல்ல வேண்டியிருந்தது. வண்டி கெட்டுப்போயிருந்தது, எனக்குத் தெரியும், இருந்தும் ஓட்டினேன் என்றேன். உங்க அம்மாவை நான்தான் கூப்பிட்டேன் என்றேன். உங்க அம்மா வண்டியை நிறுத்தினாங்க, நான்தான் தப்புப் பண்ணி வண்டியை அவங்கமேல் விட்டுட்டேன் என்றேன்.

அது அழவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, "அப்போ எங்கம்மா பண்ணது தப்பு இல்லியா?" என்று கேட்டது.

"இல்லம்மா" என்றேன்.

"கரெக்டாத்தான் பண்ணாங்களா?"

"கரெக்டாத்தான் பண்ணாங்க."

நோட்டைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடியது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, "எங்கம்மா கரெக்டாத்தான் பண்ணாங்களாம், இந்த மாமாதான் தப்பு பண்ணாராம், வந்து கேளுங்க" என்று கத்தியது. பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். பின்னாலேயே இரண்டு மூன்று பெண்களும் வந்தார்கள். கோவிந்தம்மாள் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.

நாளைக்குக் காலையில் கோவிந்தம்மாளும் நானும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். பாயிடமும் போய்ச் சொன்னேன், அவரும் வருகிறேன் என்றார். இனி எந்த விலாசத்திலிருந்து எழுதுவேன் என்று தெரியவில்லை, தெரிந்ததும் எழுதுகிறேன். பாரதிக்காக வேண்டிக்கொள் அக்கா. எனக்காக வேண்ட உனக்கு மனம் வரும்போது வேண்டினால் போதும்.

தம்பி
தமிழ்வேந்தன்